மயிலூத்து விலக்கு

பெங்களூரு
2.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நீங்களும் ஷாஹிதா மதினியும் சுகமாக இருக்க அல்லாவிடம் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கு என்னவோ என்று பதறியிருப்பீர்கள். ஒன்றுமில்லை, இங்கே எல்லோரும் நலம். ஆபரேஷன் செய்தும் காது முழுசாகத் தெளியவில்லை. போனில் யார் பேசினாலும் எனக்கு இரைச்சல்தான். அதனால் எழுதுகிறேன்.

மருமகன் ஆசிக்கின் தங்கைக்கு மேலப்பாளையத்தில் நிக்காஹ். இருபத்தோராம் தேதி விடியற்காலை மகள் பர்ஹத்தும் ஆசிக்கும் நானும் காரில் கிளம்புகிறோம். மதுரை, விருதுநகர், சாத்தூர் வழியாகத்தான் போக வேண்டும். அம்மா மௌத்தான பிறகு நான் அந்தப் பக்கமே வரவில்லை. ஆறு வருஷமாகிவிட்டது. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

கேட்க வந்தது வேறு. பர்ஹத் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். சாத்தூரைத் தாண்டி மயிலூத்து என்று ஒரு குன்றாம். பாறையைக் குடைந்த மண்டபமும் பக்கத்திலேயே வற்றாத சுனையும் இருக்கிறதாம். மெயின் ரோட்டிலிருந்து ரொம்ப தூரம் உள்ளே போக வேண்டுமாம். பாதி நாள் போய்விடும், அவ்வளவு பாடுபட்டுப் பார்க்கிற மாதிரி இருக்குமா என்று ஆசிக் யோசிக்கிறார். பர்ஹத், “மாமு அந்த ஊர்லதானே இருக்காங்க, அவங்ககிட்ட கேளுங்கம்மா” என்கிறாள்.

அதனால் கேட்கிறேன். திரும்பலாமா, நேரே போகலாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம். மதினிக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
குல்சார்

*

விருதுநகர்
7.12.2024

அன்புத் தங்கை குல்சாருக்கு,

அண்ணன் அசன் முகம்மது எழுதுவது. உன் கடிதத்தைக் கடையில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் உன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் லோடு வண்டி ஓட்டும் காளீஸ்வரனுக்கு அந்தப் பக்கமெல்லாம் அத்துபடி. அவனிடம் விசாரித்தேன். “அங்கன என்ன மொதலாளி இருக்கு? வெறும் பாறை. ரோடு கெடக்குற கெடப்புல காரெல்லாம் போனா அடி தட்டும்” என்றான். நிழல் கிடையாது. பெண்கள் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. சுனையைப் பார்க்கப் படியேற வேண்டும். உன் முட்டியோடு அது உனக்குத் தாங்காது. மார்கழி என்றாலும் நம் ஊர் வெயில் உனக்குத் தெரியாததா?

ஆகவே திரும்ப வேண்டாம். நேரே போங்கள். இருட்டுவதற்குள் மேலப்பாளையம் சேர்ந்துவிட்டால் நல்லது. சாத்தூரில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு, சேவு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம் சொல்லவும். ஆசிக்கை நிதானமாக ஓட்டச் சொல்.

உன் அண்ணன்,
அசன் முகம்மது

*

பெங்களூரு
27.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பொருத்தமாக இருந்தார்கள். நாங்கள் ரயிலில் திரும்பிவிட்டோம். காரை ஆசிக்கின் தம்பி பிறகு கொண்டுவருவான்.

போகும்போது நீங்கள் சொன்னபடியே மயிலூத்துக்குத் திரும்பாமல் நேரே போனோம். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் கண்ணில் பட்டபோதுதான் விருதுநகர் பின்னால் போய்விட்டது தெரிந்தது. சாத்தூர் தாண்டி ரோடு பிரிகிற மயிலூத்து விலக்கில் போர்டு இருந்தது. ஆசிக் வண்டியை ஓரம் கட்டினார். “நீங்க சொல்லுங்க மாமி” என்றார். “அண்ணன் வேணாம்னு எழுதியிருக்காக, நேரே போங்க” என்றேன். வண்டி கிளம்பியது. பர்ஹத் என் காதோடு குனிந்து, “மாமு வேணாம்னது அந்த மலையையா, நம்மளையாம்மா?” என்று கேட்டாள்.

அண்ணா, ஒரு பாறையைப் பார்க்கவா நான் ஆறு வருஷம் கழித்து உங்களுக்கு எழுதினேன்? போகிற வழியில் வீட்டுக்கு வரட்டுமா என்று நேராகக் கேட்க எனக்கு மனம் துணியவில்லை. எதையாவது கேட்டால் “முதல்ல வீட்டுக்கு வாங்க” என்று எழுதுவீர்கள் என்று நினைத்தேன். ரோட்டைப் பற்றி எழுதினீர்கள், வெயிலைப் பற்றி எழுதினீர்கள். சாத்தூரில் டீ குடிக்கச் சொன்னீர்கள்.

அம்மா கண்ணை மூடியபோது நான் ஆஸ்பத்திரியில் காதுக் கட்டோடு படுத்திருந்தேன். அடக்கம் முடிந்து மறுநாள்தான் எனக்குச் சொன்னீர்கள். “ஒனக்குத் தாங்காதுன்னுதான் சொல்லல” என்றீர்கள். நீங்கள் இப்போது எழுதிய கடிதத்திலும் அதே வார்த்தை. எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று என்னிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

மகன் சுல்தான் ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மருமகளுக்கு இது ஏழாம் மாதம். விசா வந்தால் போகலாம் என்றிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குல்சார்

*

விருதுநகர்
4.1.2025

அன்புத் தங்கை குல்சாருக்கு,

உன் கடிதம் கிடைத்து, எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்குக் கடைக்குப் போகாமல் எழுதுகிறேன்.

நீங்கள் அந்த விலக்கைக் கடந்து போன அன்று நான் மயிலூத்தில்தான் இருந்தேன்.

அன்று காலை உன் மதினி, “நீங்க வேணாம்னு எழுதுனாலும் பர்ஹத்து பிடிவாதக்காரி, இழுத்துட்டு வந்துருவா. வந்து நின்னா ஒரு வாய் தண்ணி குடுக்க அங்கன ஆரு இருக்கா?” என்றாள். பதில் சொல்லுமுன் சோறும் தால்ச்சாவும் கட்டிவிட்டாள். அவளும் வருவதாகத்தான் இருந்தது, தலைசுற்றல் என்று படுத்துவிட்டாள். காளீஸ்வரனின் வண்டியில் நான் மட்டும் போனேன்.

வாழ்நாளெல்லாம் பக்கத்தில் இருந்தும் அதுவரை நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. பார்க்காமல்தான் உனக்கு எழுதினேன். ரோடு மோசம்தான், ஆனால் கார்கள் வந்துகொண்டுதான் இருந்தன. படிக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். நானே பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். இந்த வருஷ மழையில் சுனை தளும்பிக் கிடந்தது. மண்டபத்துக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. மேலே நின்று பார்த்தால் கரிசல் முழுக்கப் பச்சை. நம் ஊரில் இப்படி ஒரு இடமா என்று நின்றுவிட்டேன்.

கீழே வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பஞ்சம்மாள் என்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆருக்குக் காத்திருக்கீக?”

“தங்கச்சி பெங்களூர்லருந்து வருது.”

“எப்ப வாராக?”

“தெரியல. வர வேணாம்னுதான் எழுதுனேன்.”

“அப்ப நீக எதுக்கு வந்தீக?”

ஒவ்வொரு கார் வரும்போதும் எழுந்து நின்றேன். பொழுது சாய்ந்ததும் சோற்றை அவளுக்கும் காளீஸ்வரனுக்கும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வா என்று எழுதத்தான் நினைத்தேன், குல்சார். கூப்பிட்டு நீ வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. நீ ஊர் பார்க்கத்தான் வருகிறாய், என்னைப் பார்க்க அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா விஷயத்தில் நீ எழுதியிருப்பதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை.

ஷார்ஜா போகுமுன் ஒரு தடவை வருகிறாயா? ரயிலில் வருவாயா, பர்ஹத் கொண்டுவந்து விடுவாளா, நான் பெங்களூர் வந்து கூட்டிவரட்டுமா? இல்லை, நான் வந்து உன்னைப் பார்த்தால் போதுமா? எது உனக்குத் தோதோ அதைச் சொல். நான் எதையும் முடிவு செய்யவில்லை.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அண்ணன்

*

ஷார்ஜா
16.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். விசா நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. உங்கள் கடிதம் பெங்களூர் வீட்டுக்கு வந்தது நான் விமானம் ஏறியதற்கு மறுநாள். பர்ஹத் போட்டோ எடுத்து அனுப்பினாள். எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். மகன் வேலைக்குப் போனதும் மறுபடி படித்தேன்.

இரண்டு நாள் முன்னால் கிடைத்திருந்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, ஒருவரும் துணைக்கு வராமல் நானே ரயிலேறியிருப்பேன். அந்தப் படியையும் ஏறியிருப்பேன். வழியில் இருந்தபோது நான் திரும்பவில்லை. நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தது தெரியாமல் நேரே போகச் சொன்னதும் நான்தான். பர்ஹத் ஆசைப்பட்டாள், ஆசிக் வண்டியை நிறுத்தினார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்புக்குச் சொல்லவில்லை. உங்களை மட்டும் குறை சொல்லி எழுதிவிட்டேன்.

எப்போது ஊருக்கு வருவேன் என்று சொல்லத் தெரியவில்லை. மருமகளுக்குப் பிரசவம், அப்புறம் அவள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை வைத்துக்கொள்ள என்னைவிட்டால் ஆளில்லை. உங்களுக்கும் வயதாகிறது, எனக்கும் ஆகிறது. மனசில் கோபம் இல்லை, அண்ணா. கோபம் போய்விட்டால் உடனே வந்துவிடலாம் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பர்ஹத்தும் ஆசிக்கும் நோன்புப் பெருநாளுக்கு மேலப்பாளையம் போகிறார்கள். அவள் உங்களுக்குப் போன் செய்வாள். வீட்டுக்கு வரவா என்று கேட்க மாட்டாள். என் வயிற்றில் பிறந்தவள், நேராகக் கேட்க வராது. மயிலூத்து எப்படி மாமு, பார்க்கிற மாதிரி இருக்குமா என்றுதான் ஆரம்பிப்பாள். வா என்று சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
குல்சார்