பிரியாவின் பிரசவம் எந்த ஊரில்?

கீழ் கோத்தகிரி
26.10.2024

அன்புள்ள சம்பந்தியம்மா சுகந்தி அவர்களுக்கு,

பாலாமணியின் வணக்கம். நானும் மகளும் மாப்பிள்ளை தினேஷ்குமாரும் நலம். நேற்று போனில் குரலை உயர்த்திவிட்டேன், மன்னியுங்கள். "ரெண்டு பேரும் போனெடுத்தாச் சண்டைதானுங்கம்மா. இனிமே கடுதாசி எழுதுங்க, போய்ச் சேர்றதுக்குள்ள கோவம் ஆறிரும்" என்பது உங்கள் மருமகள் பிரியாவின் உத்தரவு.

வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டிய பெண். நீங்கள் சென்னை என்றீர்கள், நான் கோவை என்றேன். நாம் ஒத்துப்போகும்வரை மாப்பிள்ளை வேலை பார்க்கும் இந்த எஸ்டேட் வீட்டை விட்டு நகர மாட்டாளாம். துணைக்கு நானும் கோவையிலிருந்து வந்து இங்கேயே கிடக்கிறேன். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது.

கோவையில் இல்லாத ஆஸ்பத்திரியா? குடிக்கச் சிறுவாணித் தண்ணீர். உங்கள் ஊரில் ஐப்பசி மழையில் பிரசவத்துக்குப் படகிலல்லவா போக வேண்டும்?

இப்படிக்கு,
பாலாமணி

பெரம்பூர், சென்னை
1.11.2024

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

சிறுவாணித் தண்ணீரைக் குடித்தால் பிரசவம் ஆகிவிடுமா? உங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுவார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் ஆபத்துக்கு உதவாது. இங்கே ஒரு டாக்டர் இல்லையென்றால் ஒன்பது டாக்டர். எங்கள் தெரு மூலையிலேயே ஆஸ்பத்திரி.

பதினைந்தாம் தேதி நாள் நன்றாக இருக்கிறது. கார் அனுப்புகிறேன். பிடிவாதக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுகந்தி

கோத்தகிரி
13.11.2024

அன்புள்ள சம்பந்தியம்மா,

பேத்தி பிறந்த செய்தியை மாப்பிள்ளை போனில் சொல்லியிருப்பார். நடந்ததை முழுதும் சொல்லியிருக்க மாட்டார்.

பதினோராம் தேதி விடியற்காலையில் பனிக்குடம் உடைந்தது. ராத்திரி பெய்த மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து, கோவைக்கு இறங்க வழியில்லை. கோத்தகிரி ஆஸ்பத்திரிக்காவது போய்விடலாம் என்று எஸ்டேட் டிரைவர் அம்புரோஸ் ஜீப்பைக் கொண்டுவந்தார். பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் கருப்பம்மாள் வேலைக்குப் போகாமல் எங்களோடு ஏறி, பிரியாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அதை மாப்பிள்ளையும் அம்புரோஸும் வெட்டி நகர்த்த முக்கால் மணி நேரம்.

"ஊட்டிக்கே கொண்டுபோயிரலாமா?" என்று அழுதேன். "ஊட்டில என்னங்க இருக்குது, குளிரு! எங்க கோத்தகிரி டாக்டரம்மா போதும், பேசாம வாங்க" என்று கருப்பம்மாள் அதட்டினாள். அவளுக்கும் அவள் ஊர்தான் ஒசத்தி. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சிரமம் என்றார் டாக்டரம்மா. நம் வீம்பில் இரண்டு உயிரை மலைப்பாதையில் நிறுத்தினோம். என் பங்குக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தாயையும் சேயையும் எங்கே அழைத்துப் போவது என்று இனி நீங்களே சொல்லுங்கள். சென்னை என்றாலும் சம்மதம்.

பாலாமணி

பெரம்பூர்
18.11.2024

அன்புள்ள பாலாமணி,

மரம் விழுந்து கிடந்தது என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இருவரும் நலம் என்று தெரிந்தும் மேலே படிக்கத் தைரியம் வரவில்லை. மறுநாள்தான் படித்தேன்.

தினேஷுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். வழக்கப்படி தாய்வீட்டில், டாக்டர் இல்லாத சின்ன ஊரில். டவுனுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். பிறகு சென்னைக்கு வந்தோம், தினேஷ் நல்லபடியாகப் பிறந்தான். அந்த நன்றிக்காகத்தான் இத்தனை வருடமாய்ச் சென்னை சென்னை என்று அடித்துக்கொள்கிறேன். அதற்காக உங்கள் பெண்ணைத் தாய்வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்தது என் தவறுதான்.

இருவரையும் கோவைக்கே அழைத்துப் போங்கள். அதற்குமுன் நான் மலைக்கு வருகிறேன். கருப்பம்மாளை நேரில் கும்பிட வேண்டும், அம்புரோஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். சென்னையை விட்டுக்கொடுத்துப் பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பிறகு உங்கள் வீட்டில் பத்து நாள் தங்கலாமா? போய்விட்ட அந்த முதல் குழந்தைக்கு நான் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும்.

உங்கள்
சுகந்தி