சனிக்கிழமை நான் ஊதுவேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகளும் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் நினைப்பு. என் மூச்சும் சுகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். போனில் என்றால் நீ குறுக்கே பாய்வாய், நான் கத்துவேன், அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று விசாரிப்பார். கடிதம் என்றால் நீ வாயை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

டான்ஸ் ஹால் மேலாளருக்கு நீ போன் செய்து, அம்மாவுக்கு நுரையீரல் சரியில்லை, மேடை ஏற்றாதீர்கள் என்று சொன்னது எனக்குத் தெரியும். அவர் நேற்று என்னைக் கூப்பிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே, "உங்க பையனே வேண்டாங்கிறாரே, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து சாக்ஸபோன் ஊதுகிறவள் நான், நிறுத்தச் சொல்வதை என்னிடம் சொல்லாமல் யாரோ ஒருவரிடம் போய்ச் சொல்வாயா? வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், போன வருடம் ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கிய உன் முகம் ஞாபகம் வந்தது. அந்தப் பயம் உன்னை இன்னும் விடவில்லை, பாவம். அதனால் திட்டாமல், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஹாலில் பாட்டுப் போடும் டி.ஜே. உன் அக்காவை விடச் சின்னவள். எப்போதும் ஒரு காதில் மட்டும் ஹெட்போன், அதனால் அப்பா அவளுக்கு ஒத்தக்காது என்று பெயர் வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் பாட்டுக்கு மேலே நேரில் ஒரு ஆள் ஊத வேண்டும் என்று என்னைத் தேடி வந்தவள் அவள்தான். "நோட்ஸெல்லாம் கிடையாதும்மா, பீட்டைக் கேட்டுட்டு மனசுல வர்றதை ஊதுங்க" என்றாள். முதல் ஒத்திகையில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தாமல் ஊதித் தள்ளினேன். ஹோட்டல் வரவேற்பறையில் ஊதிய பழக்கம், அங்கே ஒரு நொடி விட்டால் ஸ்பூன் சத்தம் கேட்கும், முதலாளி எட்டிப் பார்ப்பார். என் காலடியில் எனக்கென்று வைத்திருந்த ஸ்பீக்கரில் எனக்கு நன்றாகத்தான் கேட்டது. முடிந்ததும் கடைசிச் சுவரோரம் நின்றிருந்த அப்பா வந்து, "கன்னம் நல்லாத்தான் உப்புச்சு, எங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்கல" என்றார். ஒத்தக்காது ஹாலுக்குப் போகிற என் சத்தத்தை எப்போதோ இறக்கிவிட்டிருக்கிறாள்! ஏன் என்று கேட்டால், "நீங்க நிறுத்தவே மாட்டேங்கிறீங்கம்மா, ஆடுறவங்க கால் வைக்க இடமே இல்ல" என்கிறாள், முகத்துக்கு நேராக.

இரண்டு நாள் சாக்ஸபோன் பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு, இவளிடமா தோற்பது என்று மறுபடி போனேன். அன்றைக்கு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சு பத்தவில்லை. வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். அவமானமாக இருந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் நிறுத்தின அந்த இடத்தில் அவள் பீட்டை முழுச் சத்தத்தில் அவிழ்த்துவிட்டாள் பார், தரை துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் மாப்புக் கட்டையோடு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சு திரும்பியதும் இன்னொரு சின்னத் துண்டு ஊதினேன், அவள் பீட்டை அடக்கி எனக்கு இடம் கொடுத்தாள். நான் நிறுத்தினேன், அவள் மறுபடி பீட்டை அவிழ்த்துவிட்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீழே இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு, "இதத்தாம்மா கேட்டேன்" என்றாள்.

பழைய மாதிரி நீளமாக ஊத இனி என்னால் ஆகாது, அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பாட்டு அதைக் கேட்கவே இல்லை. டாக்டரிடமும் போய்க் கேட்டுவிட்டேன், நடுநடுவே நிறுத்தி ஊதுங்கள், தலை சுற்றினால் உட்காருங்கள் என்றார். சனிக்கிழமை மேடையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அக்கா முன்வரிசையில் தண்ணீரோடு நிற்பாள், அவள் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி என்னிடம் புலம்ப அவளுக்கும் ஒரு இடம் கிடைத்தது. நீ பயப்படுகிற அந்த மூச்சு வாங்குகிற நேரத்தில்தானடா அவர்கள் ஆடுகிறார்கள்.

குட்டிக்குப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடாதே, பல் கெட்டுவிடும். மருமகளிடம் நான் கோபமாக இல்லை என்று சொல், உன்னிடம் மட்டும்தான் கோபம், அதுவும் பாதி குறைந்துவிட்டது. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நீண்ட காலம் இருங்கள்.

மறக்காமல் வெள்ளிக்கிழமைக்குள் மேலாளருக்கு மறுபடி போன் செய்து, அம்மா ஊதட்டும் என்று உன் வாயால் சொல். நீ சொல்லாவிட்டாலும் அவரை எப்படியாவது சரிக்கட்டி மேடை ஏறிவிடுவேன், அது உனக்கே தெரியும். நீ சொன்னால், நீயும் பக்கத்தில் நிற்கிற மாதிரி நினைத்துக்கொண்டு ஊதுவேன்.

உன் அம்மா
(அப்பா பக்கத்தில் நின்று, அவன் கண்டிப்பா பண்ணுவான்னு எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.)