வயிற்றுவலி அட்டைகள்

மார்ச் 7, 1960, திங்கள். சித்தூர்.

வெயில் இப்போதே. மின்விசிறி போட முடியாது, அட்டைகள் பறக்கும்.

வேலை இதுதான்: கொலை, தற்கொலை, விபத்து எல்லாவற்றுக்கும் மாநிலம் முழுக்க ஒரே கணக்கு. ஒரு சாவுக்கு ஓர் அட்டை. போலீஸ் தாளும் ஆஸ்பத்திரித் தாளும் ஒத்துப்போக வேண்டும். இந்த மாவட்டத்தில் சரியாக வந்தால் மற்ற மாவட்டங்களுக்கும் இதே முறை. மாதக் கடைசிக்குள் வேண்டுமாம் ஹைதராபாத்துக்கு.

அட்டை ஓரத்தில் துளைகள், காரணத்துக்கு ஒன்று. துளையின் விளிம்பைக் கத்தரித்துவிட்டால் போதும். அட்டைக் கட்டுக்குள் நீள ஊசியை நுழைத்துத் தூக்கினால் அந்த அட்டைகள் மட்டும் கீழே விழும். இன்று 'வயிற்றுவலி தாங்காமல் கிணற்றில்' துளையில் ஊசியை நுழைத்தேன். பாதிப் பெட்டி மேஜைமேல். பெரும்பாலும் கல்யாணமான பெண்கள்.

எங்கள் அலுவலக சூப்பரிண்டெண்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிணத்தைப் பார்த்த பஞ்சாயத்தார் ஐந்து பேர் கையெழுத்து இருக்கிறதல்லவா, நீ என்ன டாக்டரா என்றார்.

வாங்க: சோப்பு, பேனா நிப்பு, செருப்புக்கு வார்.

மார்ச் 9, புதன். திருப்பதி.

ஆஸ்பத்திரிப் பதிவுகளோடு ஒப்பிட வந்தேன். பஸ்ஸில் இரண்டு பக்கமும் மொட்டைத் தலைகள், சந்தன வாசனை, என் தோள்மேல் தூக்கம்.

வயிற்றுவலிக்காரர்களில் ஒருவர் பெயர்கூட ஆஸ்பத்திரியில் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். முறையில்தான் ஏதோ கோளாறு. தலைவலி. இட்லி புளிப்பு.

மார்ச் 11, வெள்ளி. சித்தூர்.

கோளாறு முறையில் இல்லை.

பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவன் வந்தான். முனிரத்தினம், என் வயதுதான் இருக்கும். "சாவு கணக்கு பாக்குறது நீங்களா சார்?" தங்கச்சி கன்னியம்மா, தை மாதம் செத்தவள். அட்டையை எடுத்தேன். கிணறு. வயிற்றுவலி.

"நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். புருசன் அடிச்சிக் கெணத்துல போட்டான். கழுத்துல தடம் இருந்துச்சு."

அன்றைக்கே சொல்ல என்ன கேடு என்று கேட்டேன்.

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயி அறுத்துடுவாங்கன்னாங்க. வயித்தக் கீறி மூட்டையா கட்டித் தருவாங்களாம். நைனா கால்ல வுழுந்து அழுவுறாரு, எம் பொண்ண அறுக்க வேணாம்னு. வயித்து நோவுன்னு எழுதிட்டா அறுக்க மாட்டாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான சார்? அஞ்சு பஞ்சாயத்தார்ல நானும் ஒருத்தன். நானே கையெழுத்துப் போட்டேன்."

அப்புறம் இப்போது எதற்கு வந்தாய்?

"அவனுக்கே எங்க சின்னதக் கேக்குறாங்க. சரோஜாவ. நைனா சரின்னுட்டாரு. பங்குனியிலயே தாலி. தடம் இருந்துச்சு நைனான்னா, 'நீயே எழுதிக் குடுத்துட்டு இப்ப இன்னாடா'ன்றாரு."

அட்டையில் 'சந்தேகம்' என்று ஒரு துளை உண்டு. அதைக் கத்தரித்தால் ஸ்டேஷனுக்கு விசாரணைத் தாள் போகும். போலீஸ்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

சூப்பரிண்டெண்ட் சிரித்தார். "எந்துக்கய்யா? அதி மெட்ராஸுக்குப் போதுந்தி." எதற்கு, அதுதான் மெட்ராஸுக்குப் போகிறதே என்கிறார்: ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கமே மெட்ராஸ் மாநிலத்துடையது. அந்த ஊர் அட்டைகளை உருவிக் கயிறு போட்டு வைக்கச் சொன்னார்.

கத்தரித்தேன். மாலைத் தபாலில் தாள் போயிற்று. அவர் ஊருக்குக் கிளம்பிய பிறகு.

மார்ச் 15, செவ்வாய்.

பதில் இல்லை. வாடகை அறையில் தண்ணீர் இல்லை. ஹைதராபாத்திலிருந்து கடிதம்: காரணங்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா? முடியும். வயிற்றுவலியில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம்.

மார்ச் 18, வெள்ளி.

பதில். 'இறந்தவரின் அண்ணன் முனிரத்தினத்தை விசாரித்ததில் வயிற்றுவலியே காரணம் என உறுதி கூறினார்.'

மடையன், என்னிடம் சொன்னதை அவர்களிடம் சொல்லவில்லை.

சூப்பரிண்டெண்ட் தாளைப் படித்துவிட்டு என் மேஜையில் வைத்தார். "உன் சந்தேகம் தீர்ந்ததாய்யா?" மத்தியானம் சாப்பிடவில்லை.

மார்ச் 19, சனி.

அரைநாள் அலுவலகம். பூட்டும்போது வாசலில் முனிரத்தினம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எடுத்துக்கொண்டு போ என்று கத்தினேன்.

"நைனா எதுர்ல நின்னாரு சார். ஊரே வேடிக்க பாக்குது. வாய் வரல."

பின்னே எதற்குப் பழம்?

"போலீசு எங்க வாசல்ல நின்னதக் கேட்டுட்டு அந்த மாப்ள வூட்ல பயந்துக்கினாங்க. சரோஜா வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

உட்கார வைத்தேன். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பழம் தின்றோம். அவன் போகவில்லை.

"வெதுருகுப்பத்துப் பக்கம் அவனுக்கு வேற பொண்ணு பேசிட்டாங்க சார். தாயில்லாத பொண்ணாம். நான் போய்ச் சொன்னா, தங்கச்சிய குடுக்காத வயித்தெரிச்சல்னுவாங்க. நீங்க அங்கியும் ஒரு தாளு அனுப்புங்க."

சாவு நடந்தால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் தாள் என்றேன். உயிரோடு இருக்கிறவளைப் பற்றி எந்த ஸ்டேஷனைக் கேட்பது? முறை அது.

எழுந்தான். "அப்ப செத்தப்புறம் வரேன் சார்."

போய்விட்டான்.

பஸ் நிலையத்தில் பிடித்தேன். ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தான். கையைப் பிடித்து இறக்கினேன். இப்போது வெதுருகுப்பம் பஸ், பக்கத்தில் அவன். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணல். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் யார் முதலில் பேசுவது என்று இரண்டு பேருக்கும் சண்டை. நான்தான் என்றேன். ஆனால் நான் யார் என்று கேட்டால் என்ன சொல்ல? வெதுருகுப்பம் வந்துவிட்டது, இறங்க வேண்டும்.