பல்ப் வந்தால்தான் கையெழுத்து

ஐப்பசி 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. கடை லீவு. திறந்திருந்தாலும் இந்த மழையில் சாக்கு வாங்க எவன் வரப்போகிறான்.

காப்பி நேரத்துக்குச் சரியாகத் தவசி வந்தார். மா.வின் தாய்மாமன், பேச்சுவார்த்தைக்கு அவர்கள் பக்கத்து ஆள். (மா. என்றால் மாப்பிள்ளை. முழுதாக எழுத மனம் வரவில்லை. மாடு என்று வாசித்தாலும் தப்பில்லை.) என் வீட்டுக்காரி சரசு கொடுத்த காப்பியைச் சொட்டு விடாமல் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

கட்டில், பீரோ, பாத்திரம், நகை எல்லாம் இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கி முடிந்தது. கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த காரும் போன மாதம் வீடு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை தேனியில் வக்கீல் ஆபீசில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து மனு கோர்ட்டுக்குப் போகும், என் மகளுக்கு விடுதலை. இப்போது மா. புதிதாக ஒரு கொக்கி போடுகிறான். காரின் ஹெட்லைட்டில் இருக்கும் பல்ப் இரண்டும் அவன் தனியாக வாங்கிப் போட்டதாம். அது அவனுக்கு வேண்டுமாம்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. நானும் சொல்லிப் பாத்துட்டேன். பல்ப் வந்தாத்தான் கையெழுத்துங்கிறான்."

இன்னும் சம்பந்தியாம். டம்ளரை நான் கழுவச் சொல்லவில்லை, சரசுவே இரண்டு தடவை கழுவினாள்.

என் மகள் வனிதா, "கழட்டிக் குடுத்துருங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டு விட்டு. வனிதா பஸ்சில் போய்விட்டாள். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறாள். கார் வந்ததிலிருந்து அதில்தான் போய் வந்தாள். திரும்பும்போது இருட்டிவிடும். வளைவுகளில் மேகம் இறங்கிவிட்டால் முன்னால் ஒன்றும் தெரியாது. அந்த ரோட்டுக்கு ஹெட்லைட்தான் கண்.

பானட்டைத் திறந்தேன். பல்ப் பின்பக்கம் இருக்கிறது. கை போகவில்லை. இடது பக்கம் பேட்டரி மறிக்கிறது, வலது பக்கம் கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பா. போன் வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் எடுக்கிறான். அவனுக்குக் கையில் எலும்பே கிடையாது போல.

ஸ்பேர்ஸ் கடைத் தம்பியிடம் கேட்டேன். இந்த மாடலுக்கு பம்பரைக் கழற்றி, ஹெட்லைட்டை முழு செட்டாக வெளியே எடுத்தால்தான் பல்ப் வருமாம். இரண்டு பல்ப்புக்கு ஒரு பம்பர். மா.வுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கேட்டிருக்கிறான், பாவி.

மெக்கானிக்கிடம் விடுங்களேன் என்றாள் சரசு. விட்டால் நாளைக்கே பஸ் ஸ்டாண்டு முழுக்க, சாக்குக்கடைக்காரர் மாப்பிள்ளை பல்ப்பைத் திருப்பிக் கேட்கிறானாம் என்று பேச்சாகும். நானே கழற்றுவேன்.

வாங்கியது: சாதா பல்ப் இரண்டு, எமரி பேப்பர் முரடு ஒன்று நைஸ் ஒன்று, பாலிஷ் காம்பவுண்டு ஒரு டப்பா. எப்படியும் வெளியே எடுக்கிறோம், கண்ணாடியையும் தேய்த்துவிடலாம். இரண்டும் மஞ்சள் பூத்து, உள்ளே ஆவி படிந்து கிடக்கின்றன. அவன் வீட்டில் வண்டியைத் துடைத்ததே இல்லை.

பணம் கொடுக்கும்போது தம்பி சொன்னது: "அண்ணே, பல்ப்பு கண்ணாடியில கை படாமப் போடுங்க. கைல இருக்க எண்ணெப் பிசுக்கு ஒட்டுனா, சூடாகி டப்புனு போயிரும்."

குறித்து வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டில்.

பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பம்பருக்கு மேலே ஸ்குரூ, கீழே ஸ்குரூ, சக்கரத்துப் பக்கம் பிளாஸ்டிக் கிளிப். எல்லாவற்றிலும் சேறு. ஒரு கிளிப் உடைந்தது. அதற்கும் மா.வைத் திட்டினேன். சரசு பம்பரின் ஒரு பக்கம் பிடிக்க, மெதுவாக இழுத்து இறக்கினோம். மூக்கில்லாத முகம் மாதிரி இருந்தது வண்டி.

பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனர். ஒரு லைட்டுக்கு மூன்று போல்ட். கடைசி போல்ட் இரும்பாகக் கடித்துக்கொண்டு கிடந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. ஒயர் சாக்கெட்டை அழுத்தி இழுத்ததும் முழு லைட் கையோடு வந்தது. பின்னால் ரப்பர் மூடி, உள்ளே கம்பிக் கொக்கி, அதை விலக்கினால் பல்ப். இந்த இத்துனூண்டு சாமானுக்குத்தான் என் மகளுடைய வாழ்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறான்.

லைட்டின் முகத்தில் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு அவனுடைய அம்மா வைத்தது, காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. சுரண்டி எடுத்தேன். அந்தம்மா காருக்கு வைத்த பொட்டை ஒரு நாள் மருமகளுக்கு ஆசையாக வைத்திருக்குமா.

வனிதா திரும்பி வந்ததற்குச் சொன்ன காரணம் ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. அடித்தானா? இல்லை. குடித்தானா? இல்லை. அவள் வைத்த குழம்பில் அவளுக்குத் தெரியாமல் உப்பை அள்ளிப் போடுவானாம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் முகத்தையே பார்ப்பானாம். ஸ்கூட்டியில் பெட்ரோலை இறக்கிவிட்டு, அவள் நடுரோட்டில் நின்று போன் பண்ணும்போது அம்மாவும் பிள்ளையும் ஸ்பீக்கரில் போட்டுச் சிரிப்பார்களாம். நாலு வருசம். இதெல்லாம் ஒரு காரணமா என்று என் சொந்தத் தம்பியே கேட்டான். எனக்கு மட்டும் புரிந்தது. புரிந்ததிலிருந்து வயிறு எரிகிறது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே பல்ப்பைக் கையில் வைத்திருந்தேன். ஜன்னல் விளிம்பில் சரசுவின் தேங்காய் எண்ணெய் பாட்டில். உள்ளங்கையில் ஊற்றினேன். பல்ப் கண்ணாடி இரண்டையும் நன்றாக உருட்டினேன். பிறகு வேட்டியில் லேசாக ஒற்றி, சாதா பல்ப் வந்த காலி டப்பாவில் போட்டு மூடினேன். புது பல்ப்பை ஒரு கவரில் சுற்றி பிரிட்ஜ் மேல் வைத்தேன்.

மாட்டிக்கொண்டு போகட்டும். ஒரு நாள் இருட்டில் டப்பென்று இரண்டும் போகட்டும். எவனுக்கு போன் பண்ணுகிறான் பார்க்கலாம்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் இப்படிப் பசித்ததில்லை.

ஐப்பசி 12, புதன்

காலையில் தவசி. டப்பாவை வனிதாதான் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் திறந்து பார்த்து, ஆட்டிப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காப்பி கொடுக்க வேண்டாம் என்று சரசுவுக்குக் கண் காட்டினேன். கொடுத்துவிட்டாள்.

பகல் முழுக்க லைட் தேய்த்தேன். தண்ணீர் விட்டு முரட்டு எமரியால் முதலில், பிறகு நைஸ். முதலில் பார்த்தால் பயமாக இருக்கும், பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போகும். காம்பவுண்டு போட்டுத் துணியால் தேய்க்கத் தேய்க்கத் தெளிந்து வருகிறது. வெளியே பளிச். உள்ளே இருக்கும் ஆவிதான் போகவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டு அலசியது வேறு. வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் எங்கே.

வனிதா ஒரு வழி சொன்னாள். எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் ரூம் இருக்கிறது, இதமான சூடு, ஒரே நாளில் காய்ந்துவிடும். நல்ல யோசனை. என் மகள்.

ஐப்பசி 13, வியாழன்

மழை. இரண்டு லைட்டையும் கடைச் சாக்கில் சுற்றி வனிதாவை பஸ் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்து என்னக்கா லோடு என்றான். கண்ணு என்றாள் இவள். பஸ்சே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, நாளை நினைப்பு.

சாயங்காலம் கொண்டுவந்துவிட்டாள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. லைட் முழுக்க ஏலக்காய் வாசம்.

ஐப்பசி 14, வெள்ளி

தேனி. வக்கீல் ஆபீஸ். மா. வெள்ளைச் சட்டை, கையில் புதுக் கார் சாவி. அதை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். எங்களைக் காட்டி வக்கீலிடம், இவங்க சரியான ஆளுங்க சார், ஒரு பொருள் விடாமக் குடுத்துட்டாங்க என்றான். சிரிப்பு வேறு. நானும் சிரித்தேன். என் சிரிப்பு எதற்கென்று எனக்குத்தானே தெரியும்.

கையெழுத்து ஆயிற்று. ஜெராக்ஸ் எடுக்க நான் தெருவுக்குப் போய்வந்தேன். திரும்பும்போது அவர்கள் கிளம்பிவிட்டார்கள். இனி அந்த மூஞ்சியைக் கோர்ட்டில் பார்த்தால் போதும்.

வரும் வழியெல்லாம் வனிதா தூங்கினாள். பஸ்சில் அவள் இப்படித் தூங்கிப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று.

ஐப்பசி 16, ஞாயிறு

கொஞ்சம் வெளிச்சம். நேற்று எழுதவில்லை, கடையில் சோலி.

காலையில் நான் மார்க்கெட் போய்வருவதற்குள் வனிதாவே பல்ப் மாட்டி ரப்பர் மூடியையும் அழுத்தி வைத்துவிட்டாள். வீடியோ பார்த்தாளாம். நான் லைட்டைத் தூக்கி வைத்து போல்ட் முறுக்கினேன். பம்பர் ஏறியது. உடைந்த கிளிப் இருந்த இடத்தில் கம்பி கட்டியிருக்கிறேன். காம்பவுண்டு சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே உயரம், நல்ல வெள்ளை வெளிச்சம். சாதா பல்ப்பே இவ்வளவு அடிக்கிறதே என்றேன். வனிதா டிக்கியில் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவன் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த தலையாட்டும் நாயைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். மனசுக்கு இதம்.

ஐப்பசி 17, திங்கள்

இதை எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வனிதா காரில் போனாள். மத்தியானத்திலிருந்து பேய்மழை. சாயங்காலம் கடை அடைத்து வந்து, பிரிட்ஜ் மேல் வைத்திருந்த மாத்திரையை எடுக்கப் போனேன். பக்கத்தில் கவர். உள்ளே நான் வாங்கிய சாதா பல்ப் இரண்டும் சுற்றி வைத்தபடியே இருந்தன.

அப்படியானால் வண்டியில் எரிவது எது என்று சரசுவைக் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். மா. வாங்கியிருக்கும் புது வண்டிக்கு அந்த பல்ப் சேரவில்லையாம், சாக்கெட் வேறாம். வெள்ளிக்கிழமை நான் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது, குப்பையில போடு இல்ல நீயே வச்சுக்க என்று வனிதா கையில் திணித்துவிட்டுப் போனானாம். உங்களிடம் சொன்னால் அங்கேயே சண்டைக்குப் போவீர்கள் என்று சொல்லவில்லையாம். வெளிச்சம் அதிகம் என்று அதையே மாட்டியிருக்கிறாள்.

போல்ட் முறுக்கியது நான்.

போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்ப அடித்தேன். எஸ்டேட் ஆபீசில் ஒருவர் எடுத்து, அவங்க எப்பவோ எறங்கிட்டாங்களே, இங்க கண்ணு மண்ணு தெரியாத மேகம் என்றார். கண்ணுக்குள் அந்த வளைவுகள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. குடை எடுக்காமல், மலைக்குப் போகும் முந்தல் ரோட்டில் நடந்தேன். எதிரே ஜீப், லாரி, பஸ். ஒற்றை விளக்கோடு எது வந்தாலும் ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லாம் பைக்.

பிறகு இரண்டு விளக்கு, வெள்ளையாக. பக்கத்தில் வந்து நின்றது. வனிதா கண்ணாடியை இறக்கி ஏறச் சொன்னாள். ஏறினேன். சீட்டெல்லாம் ஈரமாகிவிட்டது. வாய் நிற்கவில்லை, அந்த பல்ப்பில் நான் என்ன செய்தேன் என்று கொட்டிவிட்டேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும்ப்பா. அன்னைக்குச் சாயந்தரம் டப்பாவத் தொறந்தா ஒரே தேங்காயெண்ணெ வாசம். ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சுட்டுத்தான் அவுங்களுக்கே குடுத்தேன்."

அவனுக்குப் போய் எதற்கு ஆத்தா துடைத்தாய் என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். இப்போதும் கோபம்தான்.

வீடு வந்தது. வண்டியை நிறுத்தி, லைட்டை அணைத்த பிறகு சொன்னாள்:

"கொழம்புல உப்ப அள்ளிப் போட்டுட்டு என் மூஞ்சியப் பாத்தான்ல. நீங்களும் அதத்தானப்பா செஞ்சீங்க. அன்னைக்கு நல்லா வேற சாப்புட்டீங்க."

உள்ளே போய்விட்டாள்.

தலை துவட்டிவிட்டு, மா.வை நாலு வார்த்தை திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. சரசு சாப்பிடக் கூப்பிடுகிறாள், குழம்பு இன்று வனிதா காலையில் வைத்துவிட்டுப் போனதாம். போய் அவள் எதிரே உட்கார வேண்டும்.