காயம் பட்ட நேரம்

மதுரை,
9.10.2008

அன்புள்ள அப்பாவுக்கு,

பானுப்பிரியா எழுதுகிறேன். நலம் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். நம் வீட்டுக்கு ஒரு பொய் போதும். போனில் கூப்பிட்டால், "லோடு ஏறிக்கிட்டு இருக்கு தாயி, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

கை எப்படி இருக்கிறது? ராமுத்தாய் அத்தையைத் தீயிலிருந்து இழுத்ததில் உங்கள் உள்ளங்கை இரண்டும் வெந்திருந்ததைப் பார்த்தேன். துண்டால் மறைத்துக்கொண்டு நின்றீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். இங்க், பேஸ்ட் என்று யார் எதைச் சொன்னாலும் தடவாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் மூடினால் போதும். சர்க்கரை உள்ள உடம்பு, அசட்டையாக இருந்தால் ஆறாது.

அதற்குப் பிறகு வந்த நர்சிங் மருந்துக் கணக்குத் தேர்வில் வகுப்பில் நான்தான் முதல். அம்மாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். கேள்வியை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஐம்பது கிலோ எடையுள்ள பெண். உடம்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு தீக்காயம். காயம் பட்டு ஆறு மணி நேரம் கழித்துக் கொண்டுவருகிறார்கள். குளுக்கோஸ் பாட்டில் மாதிரித் தொங்கவிடும் அந்தத் திரவத்தை எந்த வேகத்தில் ஏற்றுவாய்? எடையையும் காயத்தையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கினால் முதல் நாளுக்கு எட்டு லிட்டர். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் காயம் பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது. ஆறு மணி நேரம் வீணாகிவிட்டதால் நாலு லிட்டரையும் மீதி இரண்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு கை போதாது, இரண்டு கையிலும் ஊசி போட வேண்டும் என்று எழுதினேன். முழு மதிப்பெண். டியூட்டர் மேடம் என் தாளை எல்லோருக்கும் காட்டினார். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

அன்று தீக்காய வார்டில் எனக்குப் பயிற்சி டியூட்டி என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. அத்தையைத் தூக்கிவந்து படுக்கவைத்தபோது மாலை நாலு மணி. எப்போது நடந்தது என்று கேட்டேன். பக்கத்தில் உங்கள் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் நின்றார். நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இப்பத்தான் தாயி, வீட்டுல அடுப்பு வெடிச்சிருச்சு. நேரா இங்கனதான் தூக்கிட்டு வாரோம்."

அத்தையின் காதோரம் அலுமினியப் பவுடர் மினுங்கியது. கம்பெனிக்குப் போய்வந்து குளித்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்பது? நேரத்தை எழுதியது என் கை. அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவு சொன்னார். மில்லிக்குப் பதினைந்து சொட்டு, நிமிடத்துக்கு நூற்றிருபத்தைந்து சொட்டு என்று கணக்குப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து நான்தான் சொட்டை எண்ணி வைத்தேன். கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

மறுநாள் அத்தைக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. "காலை டீ வர்றதுக்கு முந்தியே கம்பெனி ரூம்ல தீப்பிடிச்சிருச்சு தாயி. திருத்தங்கல்ல ஒரு டாக்டர் வீட்டுல படுக்கப் போட்டுட்டு, வேன் வருது வேன் வருதுன்னாக. ஒங்கப்பாவ வையாத. அவுக இழுக்கலேன்னா உள்ளயே கரிஞ்சிருப்பேன்" என்றார். ஓடிப்போய் டாக்டரிடம் நேரத்தைச் சொன்னேன். வேகத்தைக் கூட்டினார்கள். அதற்குள் சிறுநீர் நின்றுபோயிருந்தது. நாலாம் நாள் அத்தை போய்விட்டார். எந்த இடத்தில் தீப்பிடித்தது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அது உங்களுக்காக.

சீசன் நேரத்தில் கேஸ் என்று வந்தால் கம்பெனிக்குப் பூட்டு விழும், முன்னூறு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். சரி, அடுப்பு என்றே சொல்லியிருக்கலாம். அடுப்பு காலையில் வெடிக்காதா? காலையில் என்று சொன்னால் இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அத்தையின் ஆறு மணி நேரத்தை விழுங்கிவிட்டீர்கள்.

தெரியாமல் சொல்லியிருந்தால் என் மனது ஆறியிருக்கும். பங்குனிப் பொங்கல் திருவிழா லீவில் பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த கழிவுத் தாள்களில் இதே கணக்கை நான் போட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து, "வந்த நேரத்துல இருந்து எண்ணுனா என்ன தாயி?" என்று கேட்டது நீங்கள்தானே? தண்ணீர் பற்றாமல் சிறுநீரகம் போய்விடும் என்று சொன்னேன். "இத கம்பெனியில எல்லாத்துக்கும் சொல்லணும்" என்றீர்கள். அறைக்கு அறை போய்ச் சொன்னதாக அத்தைதான் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

இப்போது நம் ஊர் விஸ்வநத்தத்தில் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. அத்தை வீட்டுக்காரர் பெத்தணன் மாமா லோடு லாரியில் வடக்கே போயிருந்தவர், எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். அவரிடம் மேனேஜர், "படிக்கிற பிள்ளைக கையில குடுத்தா அப்படித்தான், டிரிப்ப மெதுவா விட்டுட்டாக" என்று சொன்னாராம். காசிராஜன் முதலாளியும் இருந்தாராம். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களாம். அம்மா போனில் அழுதாள். செல்லச்சாமி மகள் டிரிப் போட்டுக் கொன்றுவிட்டாள் என்று குழாயடியில் பேசுகிறார்களாம். என்னைத் தூக்கி வளர்த்த வாய்கள்.

பெத்தணன் மாமா திங்கட்கிழமை இறப்புச் சான்றிதழ் வாங்க இங்கே வருகிறார். என் முன்னால் வந்து நின்று கேட்பார். நான் உள்ளதைச் சொல்வேன், இடத்தையும் சேர்த்தே சொல்வேன். அவர் இங்கிருந்து நேராக உங்களிடம்தான் வருவார். அன்று முதலாளியும் மேனேஜரும் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன இருந்தாலும் நீங்கள் என் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எப்போது, எங்கே என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் கை நீட்டி அடித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு நான் ஊருக்கு வர வேண்டும். நம் தெருவில் யாராவது கொலைகாரி என்றால் தாங்கிக்கொள்வேன். செல்லச்சாமி மகள் என்று கூப்பிட்டால்தான் தாங்க முடியாது. அதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
பானுப்பிரியா