மஞ்சள் சட்டை

ஞாயிறு, இரவு.

ஃபுட்பால் கிளப்பை வாங்கியதும் அதன் பச்சைச் சட்டையை ஒழித்துவிட்டு, என் பைப் கம்பெனியின் மஞ்சளைக் கொண்டுவந்தவன் நான். என் காசு, என் கலர். இன்று ஆட வந்த கடலூர் அணியும் மஞ்சள். ரெஃப்ரி எங்களைச் சட்டை மாற்றச் சொன்னார். கோச் பழைய பச்சையை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எங்கள் கேலரியே எழுந்து கைதட்டியது. அங்கே மஞ்சள் சட்டையில் நான் ஒருவன்தான்.

தோற்றோம். கடலூர் ரசிகர் ஒருவர் என் சட்டையைப் பார்த்து ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சிட்டோம்ண்ணே. பஸ்லதான வந்தீங்க?"

"ஆமாம்" என்றேன்.

மூன்று வருஷத்தில் அந்த மைதானத்தில் என்னை யாரும் தொட்டதில்லை. டிரைவரை அனுப்பிவிட்டு அவருடன் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். கடலூர் பஸ்ஸில் எனக்கும் சீட் பிடித்துவைத்தார்.