சந்தனம் வைத்த ஃபில்டர்

ஜூலை 6, ஞாயிறு

ரோஹிணியைக் கல்யாணம் செய்துகொண்டு இன்றோடு ஐந்து மாதம். ஐம்பத்தொரு வயதில் முதல் கல்யாணம் செய்துகொண்டவன் மாதக் கணக்குப் பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

ரோஹிணியின் பெண் சிந்து இன்று இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றோடு வந்து நின்றாள். குர்காவ்ன் பெரியம்மா கொடுத்த பிறந்த நாள் பரிசு. மீன் வளர்க்கப் போகிறாளாம். "அங்கிள், இதை ஹால்ல அந்த மூலைல வெக்கலாமா?" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அந்த மூலையில் மூன்று வருடத்துப் பழைய பேப்பர் இருந்தது. பத்தே நிமிடத்தில் காலி செய்தேன்.

அவள் அப்பா இறந்து ஒன்பது வருடம். அம்மாவின் மறுமணத்துக்குச் சம்மதிக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டாள்: பத்தாம் வகுப்பு முடியும்வரை இந்த டில்லி வீடு. அதற்குப் பிறகு பிடிக்கவில்லை என்றால் சென்னையில் மாதவ் மாமா வீட்டுக்குப் போய்விடுவாள், யாரும் தடுக்கக் கூடாது. நானும் தலையாட்டினேன். இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மணலைப் பதினோரு முறை கழுவினாள். நான் எண்ணினேன். தண்ணீர் ஊற்றும்போது மணல் கலையாமலிருக்க உள்ளே ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினாள். அவசரமே இல்லை. எங்கள் ஆபீஸ் செக்‌ஷனில் இப்படி ஒரு ஆள் இருந்தால் நான் நிம்மதியாக லீவு போடுவேன்.

மீன் எப்போது என்று கேட்டேன். ஆறு வாரம் ஆகுமாம்.

ஜூலை 20, ஞாயிறு

காலி தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனியா?"

அவள் கோபப்படவில்லை. "இது அழுகணும் அங்கிள். அழுகினா அமோனியா வரும், மீனுக்கு அது விஷம். அதைச் சாப்பிடற பாக்டீரியா தானா வந்து செட்டில் ஆகணும். அப்புறம்தான் மீன்."

தினமும் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விடுகிறாள். பச்சையானால் விஷம் இருக்கிறது, மஞ்சளானால் இல்லை. தேதி போட்டு நோட்டில் எழுதுகிறாள். அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதுவது பதினைந்து வயதுப் பெண்!

ஆகஸ்ட் 3

இன்றும் பச்சை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு பேரும் லாஜ்பத் நகரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "பாவூஜி, ஆஜ் ஹீ லே ஜாயியே, குச் நஹீ ஹோகா", இன்றைக்கே கொண்டுபோங்கள், ஒன்றும் ஆகாது, என்று பையில் மீனைப் பிடிக்கவே ஆரம்பித்துவிட்டார். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். சிந்து, "தொட்டி இன்னும் தயாரில்லை அண்ணா" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ஒரு செடி மட்டும் வாங்கினாள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆட்டோவில் வரும்போது அவளைப் பாராட்டலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. பழக்கமில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒரு வாரமாக மஞ்சள். இன்று நாலு கப்பி மீன்கள் வந்துவிட்டன. பையை அப்படியே தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்க விட்டாள், சூடு சமமாக வேண்டுமாம். பிறகு பையைத் திறந்து, ஒவ்வொரு கரண்டியாகத் தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றினாள். முதல் மீன் வெளியே வந்து செடிப் பக்கம் திரும்பியபோது ரோஹிணி கை தட்டினாள். நான் தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். என்ன மனுஷன்யா நான், கப்பி மீனுக்கெல்லாம்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆறு நியான் டெட்ரா, ஐந்து கோரிடோரஸ் சேர்ந்தாயிற்று. நியான் விரல்நீளம்கூட இல்லை. உடம்பில் ஒரு நீலக்கோடு, ஒரு சிவப்புக்கோடு. ஆறும் ஒன்றாகத்தான் திரும்புகின்றன. கோரி அடியில் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டே போகிறது. மேலே கப்பி, நடுவில் நியான், அடியில் கோரி. ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை. யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்று ஒரு மாதம் படித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

ஆபீஸிலிருந்து வந்ததும் டி.வி. போடுவதை விட்டுவிட்டேன். நான் இந்த நாற்காலி, அவள் அந்தப் பிரம்பு மோடா. இன்று முக்கால் மணி நேரத்தில் மூன்று வாக்கியம் பேசினோம். எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

அக்டோபர் 1, புதன் - ஆயுத பூஜை

ரோஹிணியும் சிந்துவும் காலையிலேயே குர்காவ்ன் போய்விட்டார்கள். பெரியம்மா வீட்டு கொலு. ஒன்பது வருடமாக இந்த நாளில் அங்கே தங்குவது வழக்கமாம், நாளைக்கு மதியம்தான் வருவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஆயுத பூஜையை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

கிட்வாய் நகரில் என்னைப் போல இதைச் செய்பவன் கிடையாது. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, ஸ்கூட்டர், ஸ்டேப்லர்வரை துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ரோஹிணியின் தையல் மெஷினுக்கும் வைத்தேன். மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை எதையும் இயக்கக் கூடாது என்பது எங்கள் காஞ்சிபுரத்து வீட்டு வழக்கம். பால் கெட்டுவிடும் என்பதால் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் விலக்கு.

அப்போதுதான் கவனித்தேன். இந்த வீட்டில் ஓய்வே இல்லாமல் ஓடுவது சிந்துவின் ஃபில்டர். அதை விடலாமா? அவள் கருவியும் இந்த வீட்டுக் கருவிதானே. கழற்றினேன். உள்ளே ஸ்பாஞ்ச் பழுப்பாக வழவழவென்று இருந்தது. குழாயடியில் பிழிந்து பிழிந்து, புதுசு போல ஆகும்வரை கழுவினேன். சந்தனம் வைத்துப் பலகையில் நடுநாயகமாக வைத்தேன். பண்டிகையும் அதுவுமாக மீன் மட்டும் பட்டினியா என்று ஒரு கைப்பிடி பொரியும் போட்டேன்.

நாளைக்கு வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள்.

அக்டோபர் 2, வியாழன்

என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்?

காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. தீனி கேக்குதுன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் பொரி போட்டேன். போட்டேனே!

பதினோரு மணிக்குப் பூஜை முடித்து ஃபில்டரை மாட்டினேன். ஒரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். சிந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தொட்டியைப் பார்த்தாள், ஃபில்டரில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள், ஸ்பாஞ்சை விரலால் தொட்டாள். "குழாய்த் தண்ணியில கழுவினீங்களா அங்கிள்?" ஆமாம் என்றேன். "அந்த அழுக்குதான் பாக்டீரியா. தொட்டிக்கு உயிரே அதுதான்."

பாக்டீரியா தண்ணீரில் இருக்கும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின். கிருமியைக் கொல்லத்தானே போடுகிறார்கள். பால் கெடும் என்று ஃப்ரிட்ஜுக்கு விலக்குக் கொடுத்த புத்திசாலிக்கு, உயிருள்ளவற்றுக்கு மூச்சு கொடுப்பதும் அந்த ஃபில்டர்தான் என்பது ஞாபகம் வரவில்லை.

அவள் கத்தவில்லை. குழாயில் சொட்டு விட்டு, பச்சை எவ்வளவு அடர்த்தி என்று பார்த்தாள். "ரெண்டு பக்கெட் கொண்டு வாங்க. ஜல்தி." பொரியை வலையால் அள்ளினாள். பாதித் தண்ணீரை வெளியேற்றினாள், புதுத் தண்ணீரில் குளோரின் முறிக்கும் சொட்டு விட்டு ஊற்றினாள். நான் பக்கெட் தூக்கினேன். மூன்று நியான் போய்விட்டது. செத்ததை ஒவ்வொன்றாக எடுத்து ஈரத் துணியில் வைத்தபோதுதான் அவள் கண் கலங்கியது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்னொரு நியானும் போச்சு.

என்ன ஆயிற்று என்று ரோஹிணி கேட்டதற்குச் சிந்து, "ஃபில்டர் ரிப்பேர்மா, நேத்து நின்னுபோச்சு" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் பால்கனியில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா மாமா, ஸ்கூல் ஃபார்ம் வந்ததும் அனுப்புங்க." கதவுப் பக்கம் நின்று ஒட்டுக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அக்டோபர் 4, சனி

அவள் நோட்டில் ஒன்றாம் தேதிக்கு எதிரே ஒன்றுமே எழுதவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத அந்த நோட்டில், எனக்காக ஒரு இடம் காலியாகக் கிடந்தது. அவள் வீட்டில் இல்லாத நேரம் எடுத்து எழுதினேன்: "1-10. ஃபில்டர் பதினெட்டு மணி நேரம் நிறுத்தப்பட்டது. ஸ்பாஞ்ச் குழாய்த் தண்ணீரில் கழுவப்பட்டது. பொரி ஒரு கைப்பிடி, மறுநாள் மீண்டும் கொஞ்சம். நான்கு மீன்கள் இறந்தன. முழுப் பொறுப்பு: ஏகாம்பரம்." கீழே கையெழுத்தும் போட்டேன். இருபத்தெட்டு வருட சர்வீஸில் இத்தனை நேர்மையான குறிப்பு ஒன்றுகூட எழுதியதில்லை.

ரோஹிணியிடமும் சொல்லிவிட்டேன். "பொரியா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

சிந்து அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறாள். பேனாவை எடுத்து, "நான்கு மீன்கள்" என்பதற்குப் பக்கத்தில் "நியான்" என்று கோணல்மாணலான தமிழில் சேர்த்திருந்தாள். வேறு ஒன்றும் இல்லை.

பிறகு வந்து, "அங்கிள், என் ஃப்ரெண்டு ஸ்நேஹா வீட்டு டேங்க் மூணு வருஷம் பழசு. அவ ஃபில்டர்லேர்ந்து அழுக்கு ஸ்பாஞ்ச் பாதி தரேங்கறா. துவாரகா வரைக்கும் போகணும்" என்றாள். அவள் முடிப்பதற்குள் நான் சட்டை மாட்டிவிட்டேன்.

காயக் கூடாது என்பதால் டிஃபன் கேரியரில், அவர்கள் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு எடுத்து வந்தேன். மெட்ரோ செக்கிங்கில் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். மோந்து பார்த்த காவலர் ஒரு அடி பின்னால் போனார். "யே க்யா ஹை?" பாக்டீரியா என்றால் விட மாட்டார் என்று "ஸ்பாஞ்ச், மீனுக்கு" என்றேன். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

மஞ்சள்! மீதி பதினோரு மீனும் நலம்.

நவம்பர் 16, ஞாயிறு

சென்னைப் பள்ளியின் ஃபார்ம் வந்துவிட்டது. ரோஹிணி பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறாள். இட்லித் தட்டை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

போகட்டும், அவள் இஷ்டம். வாக்குக் கொடுத்தவன் நான். ஆனால் போகக் கூடாது. போனால் இந்த வீட்டில் என்ன இருக்கப் போகிறது, நான் யாரோடு உட்கார்ந்து மீன் பார்ப்பேன்?

டிசம்பர் 14, ஞாயிறு

குளிர் ஏறிவிட்டது. தொட்டிக்கு ஹீட்டர் வந்திருக்கிறது, இருபத்தைந்து டிகிரி. இந்த வீட்டில் சௌகரியமாக இருப்பது மீன்கள்தான்.

போர்டு பரீட்சைக்குப் படிக்கிறாள். நோட்டில் புதிதாக இரண்டு கட்டம் கிழித்திருக்கிறாள். காலைப் பரிசோதனைக்கு "சி", சாயங்காலத்துக்கு "ஏ". என்னைக் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு இன்று சாயங்காலம் சொட்டு விட்டேன், நிறம் பார்த்தேன், எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன். போன வாரம் வாங்கிய நாலு புது நியான்களும் பழைய இரண்டோடு சேர்ந்துவிட்டன. எது புதுசு எது பழசு என்று இப்போது சொல்ல முடியவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

பத்து மணிக்கும் பனி விலகவில்லை. எதிர்க் கட்டடமே தெரியவில்லை.

தோசைக்கு உட்காரும்போது பார்த்தேன், சிந்து அளவு டேப்போடு ஹால் சுவரை அளந்துகொண்டிருந்தாள். என் பழைய பீரோ நிற்கிற சுவர். "அங்கிள், இந்த பீரோவை உள்ள தள்ளிடலாமா? எக்ஸாம் முடிஞ்சதும் மூணடி டேங்க் வெக்கணும். கோரிக்கு இடம் பத்தல."

ரோஹிணி தோசைத் திருப்பியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எக்ஸாம் முடிஞ்சா நீ சென்னைக்குன்னு... மாதவ் நேத்துகூடக் கேட்டான், ஃபார்ம் எப்ப அனுப்பறேன்னு."

சிந்து திரும்பவில்லை. சுவரில் பென்சிலால் குறி போட்டாள். "நூத்தி அறுபது லிட்டர்மா. ஒரு தடவை ரொப்பிட்டா அப்புறம் நகர்த்தவே முடியாது. அதான் இப்பவே பாத்து வெக்கறேன்."

ரோஹிணி அப்படியே நின்றாள். கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது.

"அங்கிள், அந்த முனையைப் பிடிங்க. டேப் கோணுது பாருங்க, நேரா பிடிங்க."

நேராகத்தான் பிடித்தேன். மூன்றடி நாலங்குலம் இருந்தது. போதும் என்றாள்.